டப்பா இல்லாமல் வந்த குப்பி

கல்யாண நாளுக்கு மனைவிக்கு மோதிரம் வாங்கித் தருகிறவர்கள் உண்டு. நாளையே மறந்துவிட்டுத் திட்டு வாங்குகிறவர்கள் அதைவிட அதிகம். எலிக்காரியின் கணவர் இந்த இரண்டு கட்சியிலும் சேராமல் ஓர் ஆன்டிபாடி கொண்டுவந்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே விரலை விட்டுத் துழாவி, சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத ஒரு குப்பியை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவளுக்கு வாயெல்லாம் பல். கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருப்பதையும் மறந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்கூட வைரமோன்னு நினைச்சேன். தண்ணி மாதிரில்ல இருக்கு?” என்றார் மாமனார்.

“வைரத்தை வெச்சு நான் என்ன மாமா பண்ணப்போறேன்? இதுக்குத்தான் நாயா அலைஞ்சேன்.”

எலிக்காரி என்பது மாமனார் வைத்த பெயர்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குச் சுண்டெலிகளோடு பிழைப்பு. எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்ட கால், கட்டைப் பிரிக்கும்போது குச்சி மாதிரி மெலிந்துபோயிருக்கும் அல்லவா, அந்தத் தசை எங்கே போகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. பழைய புரதங்களை உடைத்துத் தள்ளுவதற்கென்றே உடம்புக்குள் நொதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, அசையாமல் கிடக்கும் காலில் அளவுக்கு மீறி ஆட்டம் போடுகிறது, நல்ல தசையையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது என்பது அவள் கட்சி. ஒரு காலில் கட்டுப் போட்ட சுண்டெலிகளை வைத்து அதை நிரூபித்துவிட்டால் முனைவர் பட்டம்.

நிரூபிப்பதற்கு நொதி கண்ணில் பட வேண்டும். அது லேசில் படாது. தசையை அரைத்து, அதிலுள்ள புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் ஏற்றுவார்கள். பார்த்தால் வெறும் தாள்தான். அதன்மேல் முதல் ஆன்டிபாடியை, அதாவது வேண்டாத பொருளைப் பிடிக்க ஒரு பிராணியின் உடம்பு உண்டாக்கும் புரதத்தை, ஊற்றுவார்கள். அது அந்த ஒரு நொதியை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, முதலாவதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள இரண்டாவது ஆன்டிபாடி. வெளிச்சம் போடும் சரக்கு இதன் முதுகில்தான் இருக்கிறது. தாளைக் கேமராப் பெட்டிக்குள் வைத்து மூடினால், நொதி இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழும். நொதி அதிகம் என்றால் பட்டை தடிப்பாக விழும்.

முன்பு முயலின் உடம்பில் தயாரித்த ஒரு முதல் ஆன்டிபாடியை வாங்கிக்கொண்டிருந்தார்கள். படம் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி வரும். அதையும் தயாரிப்பாளர்கள் நிறுத்திவிட்டார்கள். எலிக்காரி கையைப் பிசைந்துகொண்டு நின்றபோதுதான் கணவரின் குப்பி வந்தது. அவருக்கு ஆன்டிபாடி தயாரிக்கும் கம்பெனியில் வேலை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, “உங்கள் சரக்கு வேலை செய்யவில்லை” என்று கூப்பிடும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். சோதனை முடிந்து மிஞ்சும் குப்பிகளை ஊழியர்கள் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் என்பதால் டப்பா கிடையாது, டப்பாவுக்குள் மடித்து வைக்கும் குறிப்புத்தாளும் கிடையாது.

“நல்லா வேலை செய்யுமாங்க?”

“பிரமாதம்னு டெஸ்ட் பண்ணவங்களே சொன்னாங்க. ஒரு கம்ப்ளெயின்ட்கூட வந்ததில்ல.”

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கட்டின கணவரே கொண்டுவந்தது, அதிலும் இதே தொழிலில் ஊறினவர். குப்பியின் லேபிளில் ‘சுண்டெலியில் தயாரித்தது’ என்று பொடி எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்து, இரண்டாவது ஆன்டிபாடியையும் அதற்குத் தோதாக மாற்றிக்கொண்டாள். அதைச் சரியாகச் செய்ததில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

படம் வந்தது பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்! நல்ல காலில் மெல்லிய பட்டை. கட்டுப் போட்ட காலில் மை பூசினாற்போலத் தடித்த பட்டை. ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவியான மேடம், சிரிப்பதற்குக்கூட கணக்குப் பார்க்கிறவர், அன்றைக்கு மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்தவர் படத்தில் குறை கண்டுபிடிப்பதே தொழிலாக உள்ள அந்த அறையில், இந்தப் படத்தை மட்டும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மோசமான படத்தைத்தான் ஆயிரம் கேள்வி கேட்டுக் குடைவார்கள். அழகாக வந்துவிட்டால் அறிவுக்குக்கூட லீவு கொடுத்துவிடுகிறோம்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கட்டுரை பத்திரிகைக்குப் போனது. ஆய்வேடு முடியும் தறுவாய்க்கு வந்தது. ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்தும்விட்டார்கள். ஒரே நிபந்தனை, கல்லூரி திறப்பதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்திருக்க வேண்டும். பல வருடமாக உதவித்தொகையில் ஓட்டி, சொந்தக்காரர்கள் “இன்னும் படிக்கிறியா?” என்று கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தவளுக்கு அந்த வேலை உயிராக இருந்தது.

மாமனார் கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவர். மருமகளின் படத்தைப் பெரிதாக்கிக் கடைச் சுவரிலேயே மாட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். வேண்டாமென்றால் கேட்கவா போகிறார்!

அந்தச் சட்டம்தான் ஆட்டத்தைக் கலைத்தது.

ஆய்வேட்டுக்குக் கடைசியாக ஒரு தாள் பாக்கி. அதைப் பால்பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்து, முதல் ஆன்டிபாடியைச் சொட்டாக அளந்து சின்னக் குழாயில் எடுத்து ஐஸில் செருகியிருந்தாள். ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. போன் அடித்தது.

“எலியம்மா, உன் படத்துக்குக் கறுப்புச் சட்டமா, தங்கக் கலரா? கறுப்புல போட்டா பட்டை எடுபடாதே.”

“ஐயோ மாமா, ஏதாவது போடுங்க.”

“ஏதாவதுன்னா எப்படி? வாழ்நாளுக்கும் தொங்கப்போறது.”

மரக்கலர் என்று முடிவாவதற்குள் அவள் கை தானாகத் தாளை மூடி, குளிர் அறையில் ஆட்டும் மேடையில் வைத்துவிட்டிருந்தது. ஊற்றிவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் தாளைக் கழுவி, இரண்டாவது ஆன்டிபாடியைப் போட்டு, அதையும் கழுவிவிட்டுத் திரும்பினால், உருகின ஐஸில் சின்னக் குழாய் மிதந்துகொண்டிருந்தது. அளந்த சொட்டு அளந்தபடியே உள்ளே இருந்தது. எலிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாவது எதைப் பிடித்துக்கொள்ளும்? வெறும் தாள்தான் வரும். தூக்கி எறியத்தான் போனாள். ஆனால் கேமராவுக்கு நேரம் வாங்கி வைத்திருந்தாள். வாங்கின நேரத்தை வீணாக்க மனமில்லாமல், வேண்டாவெறுப்பாகத் தாளை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

பட்டைகள் விழுந்தன. நல்ல காலில் மெலிதாக, கட்டுப் போட்ட காலில் தடிப்பாக. அச்சு அசல் அதே படம்.

முதலில் தாள் ஊறின டப்பாமேல் சந்தேகப்பட்டாள், பழைய ஆன்டிபாடி ஏதாவது ஒட்டியிருக்கும் என்று. பிறகு பால்பவுடர்மேல். வேறு யாருடைய கையாவது பட்டிருக்குமோ என்றுகூட யோசித்தாள். கடைசியில், தாளில் ஊற்றவே ஊற்றாத குப்பியின்மேல் கோபம் வந்தது. குப்பியின்மேல் வந்த கோபம் வீடு போய்ச் சேர்வதற்குள் குப்பி கொடுத்தவர்மேல் ஏறிக்கொண்டது. கோபத்துக்கு நியாயமா தெரியும்?

சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். “உங்க பாட்டில் என் கழுத்தை அறுத்துடுச்சு.”

கணவர் முழுவதையும் கேட்டார். பிறகு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வேலையில் பேசுகிற அந்த மெதுவான, யாருக்கும் சொந்தமில்லாத குரலில் கேட்க ஆரம்பித்தார். பழக்கம், தானாக வந்துவிட்டது.

“முதல் ஆன்டிபாடி இல்லாம, ரெண்டாவது மட்டும் போட்டு, ஒரு தாள் தனியா ஓட்டிப் பாத்தீங்களா?”

“‘பாத்தீங்களா’வா? யாரைக் கேக்குறீங்க? நான் உங்க கஸ்டமரா?”

“கேள்விக்குப் பதில் சொல்லு. இதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பாத்தியா?”

“இல்ல. உங்க பாட்டில்தானேன்னு பாக்கல.”

“எதோட திசு?”

“சுண்டெலி. தெரியாத மாதிரி கேக்குறீங்களே!”

“முதல் ஆன்டிபாடி எதுல தயாரிச்சது?”

“சுண்…” என்று வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள். அவர் குரலும் அங்கேயே நின்றுவிட்டது. தண்ணீர் குடிக்கப்போன மாமனார் டம்ளரும் கையுமாக இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னடா ஆச்சு? யாராவது சொல்லித்தான் தொலைங்களேன்.”

அவள்தான் சொன்னாள். “ரெண்டாவது ஆன்டிபாடிக்கு நொதி எது, நோய் எதுன்னு ஒண்ணும் தெரியாது மாமா. சுண்டெலி உடம்புல உண்டான ஆன்டிபாடியைக் கண்டா ஒட்டிக்கும், அவ்வளவுதான் அதோட புத்தி. நான் அரைச்சதே சுண்டெலித் தசை. அதோட ரத்தத்துலயே அதோட சொந்த ஆன்டிபாடி ஓடிக்கிட்டிருக்கும். இது போய் அதுமேல ஒட்டிக்கிச்சு. பிரிக்கிறப்ப உடையுற அதோட பெரிய துண்டும் என் நொதியும் கிட்டத்தட்ட ஒரே எடை. அதனால சரியா அதே இடத்துல பட்டை விழுந்திருக்கு. கட்டுப் போட்ட கால் வீங்கி, ரத்தம் கசிஞ்சிருக்கும். அதான் அங்க தடிப்பா விழுது.”

மாமனார் யோசித்தார். “அப்ப, மாப்பிள்ளைன்னு நினைச்சு வேற எவனையோ போட்டோ எடுத்து, பெருசாக்கி, சட்டமும் போட்டாச்சு.”

“ஆமா மாமா.”

“பேசாம இருங்கப்பா,” என்றார் கணவர். பிறகு அவளிடம், “மனுஷ செல்லுலதான் டெஸ்ட் பண்ணாங்க. அதுல இந்தப் பிரச்சினையே வராது. சுண்டெலித் திசுவுல இதை இப்படியே போடக் கூடாதுன்னு குறிப்புத்தாள்ல முதல் வரியே அதான். நீ கேட்டிருந்தா…”

“நீங்க சொல்லியிருந்தா?”

“நாளெல்லாம் எலியோட இருக்கிறவ, உனக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்.”

“நீங்க கொடுத்தது, அதுல நான் என்னத்தை நோண்டுறதுன்னு நான் இருந்துட்டேன்.”

ஊரில் இருக்கும் முகம் தெரியாத அத்தனை பேரிடமும் அவர் தினமும் கேட்கிற கேள்வியைத் தன் ஒருத்தியிடம் மட்டும் கேட்காமல் விட்டுவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த நிமிஷம் அவரை வெறுத்தாள், அதில் சந்தேகமே இல்லை. அடுத்த நிமிஷம் தன்னையும் வெறுத்தாள். அது ஆறுவதற்கு இன்னும் அதிக நாள் பிடித்தது.

இரண்டு நாள் கழித்து அவர் இன்னொரு குப்பியோடு வந்தார். இந்தத் தடவை டப்பா இருந்தது, ரசீதும் இருந்தது. “முயல்ல செஞ்சது. புதுசா வந்திருக்கு. சுண்டெலித் தசையிலயே டெஸ்ட் பண்ணது. ஓட்டிப் பாரு. வேண்டாம்னா விட்டுடு, நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

எலிக்காரி குறிப்புத்தாளைப் பிரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, அவரைப் போலவே மெதுவான குரலில் கேள்வி கேட்டாள். அவர் எதிரே உட்கார்ந்து, வாத்தியாருக்குப் பதில் சொல்வதுபோல ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இருவரும் சிரிக்கவில்லை.

படித்தாளே தவிர, குப்பியைத் திறக்கவில்லை. ஆராய்ச்சிக்கூடத்துக் குளிர்பெட்டியில் அது பாட்டுக்குக் கிடந்தது. முதல் ஆன்டிபாடி இல்லாத அந்தத் தாளை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. குப்பையில் போட்டால் கதை முடிந்தது. நொதி கட்டுப் போட்ட காலில் அதிகமாகவே இருக்கலாம், படம்தான் தப்பு, முடிவு சரியாக இருந்தால் என்ன என்று மனசு நைசாக வக்காலத்து வாங்கியது. கல்லூரி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் மாமனாருக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போனாள். சுவரில், யார் யாரோ சிரிக்கும் மாதிரிப் படங்களுக்கு நடுவே, மரக்கலர் சட்டத்துக்குள் அவளுடைய கறுப்புப் பட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. கழற்றச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவருக்குக் கழற்ற மனசு வரவில்லை. அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு பெயின்டர் நின்றிருந்தார். மகளின் படத்துக்குச் சட்டம் போடக் கொடுக்க வந்தவர். ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மாமனார் முன்னமே படத்தின் பெருமையைக் கண் மூக்கு வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பெயின்டர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, ஒரு கெண்டைக்காலையும் இன்னொரு கெண்டைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்றில் பாதிதான் இன்னொன்று.

“இந்தக் கறுப்புதான் என் காலைத் தின்னுதா? இதை அழிக்க மருந்து வந்துட்டா, பழையபடி ஏணி ஏறலாம்ல?” என்று கேட்டார்.

மாமனார் மருமகளைப் பார்த்தார். அவள் சாப்பாட்டைப் பலகையில் வைத்துவிட்டு, கேட்காதவள்போல வெளியே நடந்தாள். தெருமுனைவரை போன பிறகுதான் தான் ஓடுவது அவளுக்கே தெரிந்தது.

அடுத்த வாரம் முயல் குப்பியைத் திறந்தாள். இரண்டு தாள் ஓட்டினாள். ஒன்று முதல் ஆன்டிபாடியோடு, ஒன்று அது இல்லாமல்; இரண்டிலும் முயலுக்குத் தோதான இரண்டாவது. இல்லாத தாள் வெள்ளை வெளேரென்று வந்தது. இருக்கும் தாளில் மங்கலாகப் பட்டைகள் விழுந்தன, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. நல்ல காலிலும் கட்டுப் போட்ட காலிலும் ஒரே அளவு. வேறு சுண்டெலிகளின் தசையை எடுத்துத் திரும்ப ஓட்டினாள், அப்போதும் ஒரே அளவுதான். முடிவாவது சரியாக இருக்கும் என்று வக்காலத்து வாங்கின மனசு வாயை மூடிக்கொண்டது.

எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு போய் மேடத்தின் மேஜையில் பரப்பினாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள்.

“எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினவ நான். நானும்தான் கேக்கல,” என்றார் மேடம். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு அவரே எழுதினார். “ஒரு வருஷம் ஆகும். இருப்பியா?”

“இருக்கேன் மேடம்.”

கல்லூரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டது. அந்தச் செய்தி வந்த அன்று எலிக்காரி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கணவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் வெளியே வந்ததும், “என்னாலதான்,” என்றார். “பாதிதான் உங்களால,” என்றாள் அவள். அதன் பிறகு அவர்களுக்குள் அந்தப் பேச்சு இல்லை.

மாமனார் படத்தைக் கழற்றினார். சட்டம் நல்ல சட்டம், எதற்கு வீணாக்குவானேன் என்று புதுப் படத்தைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது சரியா விழவே இல்லையே. ரெண்டு காலும் ஒண்ணாத்தானே இருக்கு? இதுல என்னத்தை நீ கண்டுபிடிச்சே?”

“ரெண்டும் ஒண்ணுன்னுதான் மாமா கண்டுபிடிச்சேன்.”

அவர் சட்டத்துக் கண்ணாடியைத் துடைத்து, படத்தை உள்ளே வைத்து, அதே ஆணியில் மாட்டினார்.

பெயின்டர் மகளின் படத்தை வாங்க வந்தபோது எலிக்காரி கடையில்தான் இருந்தாள். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தபடி உள்ளே வந்தவர், சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் முகம் மலர்ந்தது.

“அட, கறுப்பு போயிடுச்சே! மருந்து கண்டுபிடிச்சாச்சா?”

மாமனார் சட்டத்துக்கு ஆணி அடிப்பதை நிறுத்தினார். எலிக்காரி இந்தத் தடவை வெளியே நடக்கவில்லை.

“இல்லண்ணே. அந்தக் கறுப்பு வியாதியே இல்ல. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்.”

“அப்ப என் காலை எதும்மா தின்னுது?”

“தெரியலண்ணே. இது இல்லங்கிறது மட்டும்தான் இப்போதைக்குத் தெரியும்.”

பெயின்டர் மங்கலான படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். தன் காலைக் குனிந்து பார்த்தார். மகளின் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினவர், கைப்பிடியைப் பற்றியபடி திரும்பினார்.

“தெரிஞ்சதும் சொல்லுங்க. நான் இந்தப் பக்கமாத்தான் போவேன் வருவேன்.”